பயிற்சி முடிந்தது, பாடம் ஏன் மாறவில்லை?

கேள்வி: செகந்திராபாத் லாலாகுடாவில் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கும் ஆங்கிலமும் எடுக்கிறேன். வருடா வருடம் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். போகிறேன், குறிப்பெடுக்கிறேன், சான்றிதழ் வாங்கி வருகிறேன். திங்கட்கிழமை வகுப்புக்குள் நுழைந்ததும் பழையபடியே பாடம் நடத்துகிறேன். கல்வி ஆராய்ச்சி என்று எவ்வளவோ நடக்கிறதே, அதனால் என் வகுப்புக்கு என்ன பயன்? குறை என்னிடமா, பயிற்சியிலா, ஆராய்ச்சியிலா?

— ஓர் ஆசிரியை, லாலாகுடா

பதில்:

கல்வி அதிகாரிகள் கேட்க வேண்டிய கேள்வியை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். அதையும் மூன்றாகப் பிரித்தே கேட்டதால் எனக்குப் பாதி வேலை மிச்சம். முதலில் உங்கள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். உங்களைச் சமாதானப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. தெலங்கானா பிரிவதற்கு முன்பு, உங்கள் மாநிலத்திலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

பயிற்சி வகுப்பில் பலன் தெரியாதபோது மேலே இருப்பவர்கள் சொல்லும் காரணங்கள் இரண்டு. ‘ஆசிரியர்களுக்குத் தெரியவில்லை, இன்னும் விளக்கமாகச் சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும்’ என்பது ஒன்று. ‘தெரியும், செய்ய மனமில்லை, யாராவது போய்க் கண்காணித்தால் செய்வார்கள்’ என்பது மற்றொன்று. பயிற்சிக்கு மேல் பயிற்சி வருவதும், படிவத்துக்கு மேல் படிவம் வருவதும் இந்த இரண்டு எண்ணங்களால்தான். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் சோதனையில் இரண்டுமே தேறவில்லை.

2005 முதல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கிராமப்புற அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் தொடர்ச்சியாகச் சில ஆய்வுகளை நடத்தினார்கள். மாநில அரசு, அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை, உலக வங்கி ஆகியவை துணை நின்றன. அவர்கள் கையாண்டது தற்சமவாய்ப்பு முறை. அதாவது எந்தப் பள்ளிக்குப் புதுத் திட்டம், எந்தப் பள்ளி வழக்கம்போல் நடக்கட்டும் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் முடிவு செய்வது. நல்ல பள்ளிகளை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு ‘பார், திட்டம் வென்றது’ என்று சொல்ல இதில் வழியில்லை.

அந்த ஆய்வுகளில் ஒன்று உங்கள் கேள்விக்கு நேர் பதில். 100 பள்ளிகளில் குழந்தைகளுக்குத் தேர்வு வைத்து, யார் எதில் தடுமாறுகிறார்கள் என்று விவரமான அறிக்கை தயாரித்து, அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்ற குறிப்போடு ஆசிரியர்களிடம் கொடுத்தார்கள். வகுப்பறைக்கு ஆள் அனுப்பி அவ்வப்போது பார்க்கவும் செய்தார்கள். ‘தெரியவில்லை’ என்பதற்கு அறிக்கை மருந்து, ‘மனமில்லை’ என்பதற்குப் பார்வையாளர் மருந்து. இரண்டையும் சேர்த்தே கொடுத்தாயிற்று. பார்வையாளர் உள்ளே இருந்தபோது ஆசிரியர்கள் கூடுதல் முனைப்போடு பாடம் நடத்தினார்கள். ஆண்டு முடிவில் குழந்தைகளைச் சோதித்தபோது, இந்தத் திட்டமே இல்லாத பள்ளிகளுக்கும் இவற்றுக்கும் கற்றலில் வித்தியாசம் இல்லை. 2010இல் முடிவு வெளியானது.

அப்படியானால் அறிக்கையே வீணா என்றால், அதுவும் இல்லை. அதே ஆய்வு வரிசையில் வேறு பள்ளிகளில், குழந்தைகளின் கற்றல் உயர்ந்தால் ஆசிரியருக்குச் சிறு ஊக்கத்தொகை என்று அறிவித்திருந்தார்கள். அங்கேயும் அதே மாதிரி அறிக்கைதான் போனது. இரண்டு ஆண்டு முடிவில் அந்தக் குழந்தைகள் கணக்கில் 0.27 திட்ட விலக்கமும் மொழியில் 0.17 திட்ட விலக்கமும் முன்னேறியிருந்தார்கள். திட்ட விலக்கம் என்பது மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதற்கான அளவு. 0.27 என்றால், 100 பேர் வரிசையில் நட்டநடுவில் நின்ற குழந்தை சுமார் 10 பேரைத் தாண்டி முன்னால் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொகை எதுவும் அறிவிக்காத அறிவியல், சமூக அறிவியல் பாடங்களிலும் அவர்கள் முன்னேறினார்கள். அறிக்கை பயனுள்ளதாக இருந்தது என்று ஆசிரியர்கள் சொன்ன வகுப்புகளில் குழந்தைகள் கூடுதலாகக் கற்றிருந்தார்கள். ஊக்கத்தொகை இல்லாத பள்ளிகளில் அந்தத் தொடர்பே காணப்படவில்லை.

இதைப் படித்துவிட்டு ‘காசு கொடுத்தால் வேலை நடக்கும்’ என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிப்பதில்லை. அந்தப் பள்ளிகளில் ஆசிரியர்களின் வருகைப் பதிவு உயரவில்லை. பள்ளிக்கு வந்த நேரத்தில் என்ன செய்தார்கள் என்பதுதான் மாறியது. வீட்டுப்பாடமும் வகுப்புப் பயிற்சியும் கூடின. பள்ளி நேரத்துக்கு வெளியே தனி வகுப்பு எடுத்தார்கள், பயிற்சித் தேர்வு வைத்தார்கள், பின்தங்கிய பிள்ளைகளைக் கூடுதலாகக் கவனித்தார்கள். இவற்றில் எதுவும் அவர்களுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுத்ததில்லை. ஏற்கெனவே கையில் இருந்த திறமை. ‘பாடத்தை முடித்தாயா?’ என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்த அமைப்பு, முதல் தடவையாக ‘பிள்ளை கற்றதா?’ என்று கேட்டது. என் கணிப்பில் மாற்றம் அங்கேதான் பிறந்தது.

இந்தக் கணிப்புக்கு வலுவான சான்று பிகாரிலிருந்து வருகிறது. பிரதம் என்ற தொண்டு நிறுவனம், பிள்ளைகளை வகுப்பு வாரியாக இல்லாமல் அவர்கள் படிக்கும் நிலை வாரியாகப் பிரித்துக் கற்பிக்கும் முறையை வளர்த்தெடுத்தது. முதலில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து ஒரு தாளைக் காட்டுவார்கள். அதில் எழுத்துகள், சொற்கள், ஒரு சிறு பத்தி, ஒரு குட்டிக் கதை. பிள்ளை எதுவரை வாசிக்கிறதோ அதுதான் அதன் கற்றல் நிலை. ஒரு பிள்ளைக்குச் சில நிமிடம் போதும். பிறகு சொல் வாசிக்கும் பிள்ளைகள் ஒரு குழு, பத்தி வாசிக்கும் பிள்ளைகள் ஒரு குழு. மூன்றாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே பாயில் உட்காரலாம்.

2008 கோடை விடுமுறையில் பிகார் அரசு ஆசிரியர்கள் இந்த முறையில் முகாம் நடத்தினார்கள். பிள்ளைகளின் வாசிப்பு கண்ணுக்குத் தெரிய உயர்ந்தது. பள்ளி திறந்த பிறகு, அதே முறைக்கான பயிற்சியையும் புத்தகங்களையும் அரசு ஆசிரியர்களுக்குக் கொடுத்து, வழக்கமான பள்ளி நாளில் பயன்படுத்தச் சொன்னார்கள். பலன் இல்லை. அபிஜித் பானர்ஜி, ருக்மிணி பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் இதை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஜூன் மாதத்தில் சாதித்துக் காட்டிய ஆசிரியர்களுக்கு அடுத்த மாதமே திறமை குறைந்துவிடுமா? குறையாது. ஜூனில் அவர்கள் தலைமேல் பாடத்திட்டம் இல்லை. பள்ளி திறந்ததும் அது வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆக, திங்கட்கிழமை உங்களுக்கு நடப்பதும் இதுதான். பயிற்சியில் கற்ற புது முறை ஒரு பக்கம் இழுக்கிறது. இந்த மாதத்துக்குள் முடிக்க வேண்டிய பாடம், நிரப்ப வேண்டிய பதிவேடு, பார்வையிட வருபவர் முதலில் புரட்டும் நோட்டு எல்லாம் சேர்ந்து மறுபக்கம் இழுக்கின்றன. எது வெல்லும் என்று கேட்கவே வேண்டாம். ஹரியானாவில் 2012-13இல் பிரதமின் முறையை மறுபடி முயன்றபோது இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார்கள். நிலைவாரிக் கற்பித்தலுக்கென்று தினமும் ஒரு மணி நேரத்தை அரசே ஒதுக்கியது. மேற்பார்வையாளர்கள் முதலில் தாங்களே வகுப்பெடுத்துப் பழகிவிட்டுத்தான் பள்ளிகளைப் பார்க்கப் போனார்கள். மொழிப்பாடத்தில் முன்னேற்றம் வந்தது, கணக்கில் வரவில்லை. பாதி வெற்றி என்றாலும் வழக்கமான பள்ளி நாளுக்குள், அரசு ஆசிரியர்களைக் கொண்டே வந்த வெற்றி அது.

நிலை, நிலை என்கிறேனே, அது வகுப்பில் எப்படி இருக்கும் என்று உங்கள் கணக்கு நோட்டிலேயே பார்க்கலாம். 82 – 45 என்ற கழித்தலைக் கொடுங்கள். விடை 37. ஒரு பிள்ளை 43 என்று எழுதும், இன்னொன்று 47 என்று எழுதும். இரண்டுக்கும் சிவப்பு மையில் ஒரே தப்புக் குறிதான் விழுகிறது. ஆனால் 43 எழுதிய பிள்ளை ஒன்றாமிடத்தில் 2-இலிருந்து 5 போகாது என்றதும் எண்களைத் திருப்பிப் போட்டு 5-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறது. பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்க வேண்டும் என்று எப்போதோ கேட்டதை விதியாகவே பிடித்துக்கொண்டுவிட்டது. பத்து என்றால் என்ன, ஒன்று என்றால் என்ன என்ற இடமதிப்பே அதற்குப் பிடிபடவில்லை. 47 எழுதிய பிள்ளைக்கு அது தெரியும். பக்கத்து வீட்டில் ஒரு பத்தைக் கடன் வாங்கி 12-இலிருந்து 5-ஐச் சரியாகவே கழித்திருக்கிறது. கடன் கொடுத்த 8-ஐ 7 ஆக்க மறந்துவிட்டது, அவ்வளவுதான். முதல் பிள்ளைக்குக் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டிக் காட்ட வேண்டும். ஒரு வாரம்கூட ஆகலாம். இரண்டாவது பிள்ளைக்கு 8-ஐ அடித்துவிட்டு மேலே 7 எழுதும் பழக்கம் போதும். ஐந்தாம் வகுப்புப் புத்தகத்தில் அடுத்து வருவது பெரிய எண்களின் வகுத்தல். அதற்குள்ளும் கழித்தல் ஒளிந்திருக்கிறது. முதல் பிள்ளை அங்கே போய் உட்கார்ந்தால் ஒன்றும் ஏறாது.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். உங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வீட்டில் தெலுங்கு, உருது, சிலருக்கு நம் தமிழ். தெருவில் எல்லாம் கலந்த ஹிந்தி. ஆங்கிலப் பத்தியைக் கடகடவென்று வாசிக்கும் பிள்ளையிடம் ‘கதையில் என்ன நடந்தது?’ என்று அதன் வீட்டு மொழியிலேயே கேட்டுப் பாருங்கள். வாசிப்பது வேறு, புரிந்துகொள்வது வேறு என்பது அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து, பயிற்சி. பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பயிற்சி எங்கே நடக்கிறது என்பது முக்கியம். தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாகாணத்தில் தாய்மொழியான செட்சுவானாவில் வாசிக்கக் கற்பிப்பது பற்றி ஓர் ஆய்வு நடந்தது. 50 பள்ளிகளின் ஆசிரியர்களை மையத்துக்கு வரவழைத்துத் தங்கவைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். வேறு 50 பள்ளிகளுக்கு ஒரு வழிகாட்டி மாதந்தோறும் நேரில் போய், வகுப்பில் உட்கார்ந்து பார்த்து, பிறகு ஆசிரியரோடு பேசினார். இரண்டு தரப்புக்கும் பாடக் குறிப்புகளும் வாசிப்புப் புத்தகங்களும் ஒன்றே. 80 பள்ளிகள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வழக்கம்போல் நடந்தன. இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தால், மையத்துப் பயிற்சியால் வந்த முன்னேற்றம் 0.12 திட்ட விலக்கம். வகுப்பறைக்குள் வந்த வழிகாட்டியால் 0.24. இரண்டு மடங்கு.

ஏன் என்று லாலாகுடாக்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நிஜாம் காலத்தில், 1893இல் தொடங்கிய ரயில் பெட்டிப் பட்டறை உங்கள் பேட்டையில் இருக்கிறது. பட்டறையில் பழகுநராகச் சேர்ந்த பையன் வகுப்பில் கேட்டதோடு ஃபிட்டர் ஆகிவிடுவதில்லை. கை தேர்ந்தவர் பக்கத்தில் நின்று, அவன் அரம் பிடிக்கும் கோணத்தைப் பார்த்து, அந்த இடத்திலேயே திருத்த வேண்டும். கற்பித்தலும் கைத்தொழில்தான். 60 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் மேத்யூ கிராஃப்டும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட கட்டுரையும், வகுப்பறை வழிகாட்டல் ஆசிரியரின் கற்பித்தலையும் பிள்ளைகளின் கற்றலையும் உயர்த்துவதாகவே சொல்கிறது. திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் இளைத்துப்போவதையும் அதே கட்டுரை காட்டுகிறது. நல்ல வழிகாட்டிகளை ஆயிரக்கணக்கில் உருவாக்குவது எளிதல்ல.

இங்கேதான் நம் கொள்கை வகுப்பவர்களோடு எனக்கு வருத்தம். 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரத் தொழில் மேம்பாடு வேண்டும் என்கிறது. நல்ல நோக்கம். ஆனால் மணி நேரத்தை எண்ணுவது சுலபம் என்பதால், அது திரையில் காணொளி பார்த்துக் கேள்விக்கு விடை சொடுக்கும் 50 மணி நேரமாகக் கரைந்துபோகும் ஆபத்து இருக்கிறது. அதில் 10 மணி நேரம் உங்கள் வகுப்பிலேயே, உங்கள் பிள்ளைகள் முன்னிலையில், உங்களோடு சேர்ந்து யோசிக்கும் ஒருவரோடு கழியுமானால், மீதி 40-ஐ நான் தயங்காமல் விட்டுக்கொடுப்பேன்.

மூன்றாவது, ஆராய்ச்சி. உங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில், உஸ்மானியா பல்கலைக்கழகத்தை ஒட்டி, ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1958இல் மத்திய ஆங்கில நிறுவனமாகத் தொடங்கியது. ஆங்கிலம் கற்பிப்பது பற்றிய இந்திய ஆராய்ச்சிக்கு அது ஒரு தாய்வீடு. ஆனால் பல்கலைக்கழகத்தில் எழுதிய ஆய்வேடு மதில் தாண்டித் தானாக உங்கள் வகுப்புக்கு நடந்து வராது. ஆங்கிலம் கற்பித்தலில் பெயர்பெற்ற அறிஞர் என். எஸ். பிரபு இதை நன்றாக உணர்ந்தவர். 1979 முதல் 1984 வரை பெங்களூரிலும் தமிழ்நாட்டிலும் சில பள்ளிகளில், இலக்கண விதிகளைச் சொல்லாமல், பிள்ளைகள் மூளையைக் கசக்கும் சிறு வேலைகளின் வழியாகவே ஆங்கிலம் கற்பித்துப் பார்த்தார். ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் ஏறலாம் என்று கண்டுபிடிப்பது போன்ற வேலைகள். உலகம் முழுக்கப் பேசப்பட்ட முயற்சி அது. பிறகு 1990இல் அவர் எழுதிய ஒரு கட்டுரையில், எல்லாருக்கும் பொருந்தும் தலைசிறந்த முறை என்று ஒன்று கிடையாது என்று வாதிட்டார். தான் கற்பிப்பது எப்படிப் பிள்ளையின் கற்றலாகிறது என்பது பற்றி ஆசிரியருக்குள் ஒரு நம்பிக்கை உயிரோடு இருக்க வேண்டும், அது அனுபவத்தால் உரசப்பட்டு மாறிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. முறையைக் கடமைக்காகப் பின்பற்றும்போது அந்த நம்பிக்கை செத்துவிடுகிறது. பயிற்சியில் சொன்னதை நீங்கள் செய்யாமல் விட்டதில் இதற்கும் ஒரு பங்கு இருக்கலாம். அது உங்களுடையதாக ஆகவே இல்லை.

அதை உங்களுடையதாக்க ஒரு வழி உண்டு. செயல் ஆராய்ச்சி என்பார்கள். ஆசிரியர் தன் வகுப்புச் சிக்கலைத் தானே ஆராய்ந்து, ஒரு மாற்றம் செய்து, பலனைத் தானே அளந்து பார்ப்பது. பி.எட்.டில் படித்திருப்பீர்கள், பெரும்பாலும் ஒரு கட்டுரை எழுதிக் கொடுப்பதோடு முடிந்திருக்கும். பெரிதாக வேண்டாம். ‘கணக்கில் ஆர்வத்தை வளர்ப்பது எப்படி?’ என்ற கேள்வியை எடுத்தால் எங்கும் போய்ச் சேர மாட்டீர்கள். ‘எத்தனை பிள்ளைகள் 43 வகை, எத்தனை பிள்ளைகள் 47 வகை?’ என்று எடுங்கள். பத்துக் கழித்தல் கணக்குகளில் பிரித்துவிடலாம். 43 வகைப் பிள்ளைகளோடு இரண்டு வாரம் தினம் 15 நிமிடம் குச்சிக் கட்டு. பிறகு வேறு எண்களில் அதே பத்துக் கணக்கு. முடிந்தால் அடுத்த பிரிவு ஆசிரியையிடமும் அதே நாள்களில் அதே தாளைக் கொடுத்து வாங்குங்கள். பிள்ளைகள் எப்படியும் நாளாக ஆகக் கொஞ்சம் தேறுவார்கள். உங்கள் முயற்சியால் வந்தது எவ்வளவு, நாள் போனதால் வந்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அந்த ஒப்பீடு வேண்டும். 30 பிள்ளைகளை வைத்து உலகத்துக்கு எதையும் நிரூபிக்க முடியாது. உங்கள் அடுத்த மாதப் பாடத்தை முடிவு செய்ய அது தாராளமாகப் போதும்.

இதைத் தனியாகச் செய்தால் சீக்கிரம் சோர்ந்துவிடுவீர்கள். ஜப்பானிய ஆசிரியர்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியான மெய்ஜி காலத்திலிருந்தே பாட ஆய்வு என்ற வழக்கத்தை வைத்திருக்கிறார்கள். சில ஆசிரியர்கள் கூடி ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுவார்கள். ஒருவர் நடத்த, மற்றவர்கள் வகுப்பில் இருந்து பார்ப்பார்கள். ஆசிரியரை அல்ல, பிள்ளைகளைப் பார்ப்பார்கள். எந்த நொடியில் எந்தப் பிள்ளை பென்சிலைக் கீழே வைத்தது, யாருடைய நோட்டில் எது எழுதி அழிக்கப்பட்டது என்று குறித்துக்கொள்வார்கள். பேச்சும் அதைப் பற்றித்தான். ஆசிரியருக்கு மதிப்பெண் போடும் வேலை அங்கே இல்லை. அதனால்தான் ஆந்திர ஆய்வில் பார்வையாளர் வந்தபோது மட்டும் கூடிய அந்த முனைப்பு, ஜப்பானில் ஆள் போன பிறகும் நிற்கிறது என்று நான் நினைக்கிறேன்.

உங்களுக்கும் அப்படிக் கூட ஓர் இடம் ஏற்கெனவே இருக்கிறது. அருகருகே உள்ள பள்ளிகளை ஒன்றாக இணைக்கும் ‘ஸ்கூல் காம்ப்ளெக்ஸ்’ யோசனை 1964-66 கோத்தாரி ஆணையம் சொன்னது. பள்ளிகள் ஒன்றிடமிருந்து ஒன்று கற்க வேண்டும் என்பதுதான் நோக்கம். இன்று காம்ப்ளெக்ஸ் மீட்டிங்கில் சுற்றறிக்கை வாசிப்பதிலேயே நேரம் போய்விடுகிறது என்று ஆசிரியர்கள் சொல்லக் கேட்கிறேன். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது திருத்தாத பத்து நோட்டுகளைக் கொண்டுபோய் 20 நிமிடம் கேளுங்கள். ‘இந்தப் பிள்ளை ஏன் இப்படி எழுதியது?’ என்ற கேள்வியை மேசையில் வைத்தால், எந்த ஆசிரியரும் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டார்.

பாடத்திட்டத்தின் இழுப்பை மட்டும் உங்களால் தனியாகத் தளர்த்த முடியாது. அதற்குத் தலைமையாசிரியர் வேண்டும். ஹரியானாவில் அரசு ஒதுக்கிய அந்த ஒரு மணி நேரத்தை, உங்கள் பள்ளியில் அவர் மனம் வைத்தால் 3, 4, 5 வகுப்புகளுக்குச் சேர்த்து வாரத்தில் சில நாளாவது ஒதுக்கலாம். வாய்ப்பேச்சாகக் கேட்காதீர்கள். ஒரே நாளில் மூன்று வகுப்புக்கும் 82 – 45 கொடுத்து, 37, 43, 47, மற்றவை என்று நான்கு கட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் எத்தனை பிள்ளைகள் என்று எழுதி அந்தத் தாளைக் கையில் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்.